பிரித்து ஒட்டிய உறை

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு அந்த இருமல் விட்டதா? மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யச் சொன்னேனே, கட்டுகிறாயா? அம்மா போன வாரம் போனில் பேசினாள். இஸ்திரி வண்டியை நிழலுக்கு மாற்றிவிட்டாளாம். முதுகு வலி பரவாயில்லையாம்.

மூன்றாம் வருடம் தொடங்கிவிட்டது. இன்னும் பத்து மாதம். அப்புறம் நம் வீட்டில் ஒரு பட்டதாரி. நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. வேதியியல் லேபில் இந்த வருடம் எனக்கு ஜன்னலோர மேசை. கொடுத்தது லேப் அண்ணன். லேப் உதவியாளர் அவர். கண்ணாடிச் சாமான்களை எடுத்துத் தருவது, கழுவி வைப்பது, உடைத்தால் திட்டுவது எல்லாம் அவர் வேலை. நான் வாயே திறக்காமல் வேலை செய்வதால் எனக்கு 'ஊமை விஞ்ஞானி' என்று பெயர் வைத்திருக்கிறார்.

ஒரு விஷயம், கோபித்துக்கொள்ளாதே. இனி எனக்குக் கடிதத்தை ஹாஸ்டலுக்குப் போட வேண்டாம். இங்கே வாசலில் ஒரு மர ராக்கில் எல்லோர் கடிதத்தையும் செருகி வைக்கிறார்கள். உன் உறையில் மில் விடுதியின் ஊதா முத்திரை இருக்கும். உங்கள் வார்டன் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி பசை தடவி ஒட்டியது பளிச்சென்று தெரியும். போன தடவை எதிர் அறைப் பெண் அதைத் தூக்கிக் காட்டி, "யாருக்குடி ஜெயில்லேர்ந்து லெட்டர்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு வந்து எடுத்துக்கொண்டேன்.

போனில் பேசலாம் என்றால் உனக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம், அதுவும் பக்கத்தில் ஆள் நிற்கும். அதனால் கீழே ஒரு முகவரி எழுதியிருக்கிறேன். ஒரு தோழிக்குத் தெரிந்த இடம். அங்கே போடு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பாப்பா


ஜூலை 19

பாப்பாவுக்கு அக்கா எழுதுறது. நான் நல்லா இருக்கேன். இருமலும் நல்லா இருக்கு. என் கூடவே ஷிப்டுக்கு வருது, என் கூடவே தூங்குது.

முத்திரை குத்துறது நான் இல்லடி. இந்த வார்டன் அம்மா படிக்கிறது மட்டுமில்ல, போன மாசம் நான் விட்ட ஒரு பிழையைச் சிவப்பு மையில திருத்தி வேற அனுப்பியிருந்தாங்க. (வணக்கம் மேடம். இதையும் படிப்பீங்கன்னு தெரியும்.) உனக்கு வெக்கமா இருந்தா சரி, நீ சொன்ன இடத்துக்கே போடுறேன். நீ அங்க தலை நிமிர்ந்து நடக்கணும், எனக்கு அதுதான் வேணும்.

ஆனா ஒண்ணு கேக்குறேன். கார் ஷோரூம் மாடி, ரெண்டாவது கதவுன்னு முகவரி கொடுத்திருக்க. எந்தத் தோழிடி கார் ஷோரூம் மாடியில குடியிருக்கா? நான் பத்தாவதோட நின்னவதான். மூளை பத்தாவதோட நிக்கலை. மீசை இருக்கா இல்லையா, அதை மட்டும் எழுது போதும்.

இங்க போன வாரம் ஒரு பொண்ணோட பின்னல் மிஷின் பெல்ட்டுல மாட்டிக்கிச்சு. கத்தரிக்கோல் தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடி தோலோட வந்திருச்சு. சத்தம் என்னவோ அவ போடவே இல்ல, பாத்துட்டிருந்த நாங்கதான் போட்டோம். மிஷினை அஞ்சு நிமிஷம் நிறுத்தினாங்க. ரத்தம் பட்ட நூல் உருளையைத் தனியா எடுத்து வச்சிட்டு மறுபடி ஓட்டச் சொன்னாங்க. அவளுக்கு ஒரு மாசம் லீவு. "கொடுத்து வச்சவ"ன்னு பக்கத்து மிஷின்காரி சொன்னா. சிரிச்சிட்டேன். இப்ப எழுதும்போது சிரிப்பு வரலை.

நல்லா சாப்பிடு. எலும்பா வந்து நிக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மீசை இருக்கிறது.

நான் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் பத்திரமாக வந்தது. வழக்கம்போல் பிரித்து ஒட்டித்தான் இருந்தது.

கல்லூரியில் எல்லோரும் அவரை 'ஜீப்' என்பார்கள். மேல் மூடி இல்லாத பச்சை ஜீப்பில் வருவார். வணிகவியல், மூன்றாம் வருடம். எங்கள் புதிய கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தது அவர் அப்பா. வாசல் கல்லில் பெயர் வெட்டியிருக்கிறது. அந்த ஷோரூமும் அவர்களுடையதுதான். மாடி அறையில் அவர் படிக்கிறார். அப்படிப்பட்டவர் நூலகத்தில் என் எதிரில் உட்கார்ந்து, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். இரண்டு வருடத்தில் என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்.

போன வாரம் அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அம்மா, உன் அக்கா என்ன செய்கிறாள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "டெக்ஸ்டைல்ஸ்ல மேனேஜர்" என்று சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை. அக்கா, நான் திருத்தவில்லை. வெளியே வந்ததும், உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்றார்.

என் கைக்கடிகாரம் உடைந்துவிட்டது. லேப் அண்ணன் ஏதோ சொல்ல, நான் சிரித்திருக்கிறேன். அதை இவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். ஜீப்பில் ஏறியதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். பரீட்சை தேதியைப் பற்றிப் பேசிக்கொண்டே, ரோட்டைப் பார்த்துக்கொண்டே பிடித்திருந்தார். மூன்று சிக்னல் வரை விடவில்லை. கடிகாரக் கண்ணாடி தோலுக்குள் போய்விட்டது. அப்புறம் அவரே மருந்துக் கடையில் பஞ்சு வாங்கித் துடைத்துவிட்டு அழுதார். என்மேல் ஒருவர் இவ்வளவு உயிராக இருந்து நான் பார்த்ததில்லை. இரண்டு தையல்தான். அன்றைக்கே புதுக் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அம்மாவிடம் இப்போது சொல்லாதே. இருமலுக்கு டாக்டரைப் பார்.

உன் பாப்பா


ஆகஸ்ட் 14

பாப்பா,

நலம் விசாரிக்கிற நிலைமையில நான் இல்ல.

மூணு சிக்னல்னு எண்ணியிருக்க பாரு, அப்படி எண்ணத் தெரிஞ்சவதான் என் தங்கச்சி. அவன் அழுதான்னு எழுதினவ யாருன்னு எனக்குத் தெரியலை.

இங்க ஒரு ஃபிட்டர் இருக்கான். பெண்டாட்டியை அடிச்ச மறுநாள் புடவை வாங்கிக் கொடுப்பான். அவ எங்க செக்‌ஷன்லதான் கூட்டுறா. அவ பெட்டியில பதினோரு புடவை இருக்கு. ஒவ்வொண்ணையும் எடுத்துக் காட்டி, இது தோள்பட்டைக்கு, இது வயித்துல உதைச்சதுக்குன்னு சொல்றா. நகைச்சுவை மாதிரி சொல்றா. உன் கையில இருக்கிற புதுக் கடிகாரம் எதுக்குன்னு நீ யோசி.

மேனேஜர்னு சொன்னது உன்னைக் காப்பாத்த இல்ல, அவன் மூஞ்சியைக் காப்பாத்த. நீ என்ன ஜாதிக் குதிரையா, இல்லாத வம்சத்தைச் சொல்லி விக்கிறதுக்கு? நான் நூல் சுத்துறவ. அம்மா துணி தேய்க்கிறவ. இதைச் சொல்ல முடியாத வீட்டுல நீ செருப்பைக் கையில பிடிச்சிட்டுத்தான் நிக்கணும், எத்தனை வருஷம் ஆனாலும்.

அந்த ஜீப்புல இனி ஏறாதே. லேப் அண்ணன்கிட்டயோ உங்க மேடம்கிட்டயோ கையைக் காட்டு. உடனே பதில் போடு. ஞாயித்துக்கிழமை போன் பண்றேன், எடு.

அக்கா


செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் எழுதியதில் கோபமா? என் போனை அவர் ரிப்பேருக்கு வாங்கிப் போனார், இன்னும் வரவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாயா என்பதும் தெரியவில்லை. கூடப் பிறந்தவளே இப்படிக் கைவிட்டால் என்ன செய்வாய், நான் இருக்கிறேன் என்று அவர்தான் சமாதானம் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பிராக்டிகல் நடந்துகொண்டிருந்தது. மேடம் அடுத்த அறையில் இருந்தார். ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு அவர் நேராக லேபுக்குள் வந்து, கிளம்பு, வெளியே போகலாம் என்றார். நான் கரைசலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். லேப் அண்ணன் வந்து, வேறு வகுப்பு ஆட்கள் உள்ளே வரக்கூடாது, ஆசிட் இருக்கும் இடம் என்று தன்மையாகத்தான் சொன்னார். சொல்லும்போது, "தம்பி" என்றார். அவ்வளவுதான்.

"யாருக்குடா தம்பி?"

மேசையில் பியூரெட் குழாய் மாட்டும் இரும்பு ஸ்டாண்ட் இருக்கும், அடியில் கனமான பலகை இரும்பு. அதைத் தண்டைப் பிடித்துத் தூக்கினார். முதல் அடி தாடையில். லேப் அண்ணன் சரிந்தபோது கண்ணாடி அலமாரி மேல் விழுந்தார். கண்ணாடி முழுக்க அவர் முகத்தின் மேல் கொட்டியது. அதற்கப்புறம் மூன்று அடி. தரையில் கிடந்தவர்மேல். நான்கு என்று எண்ணினேன். எண்ணுவதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. லேபில் இருந்த மற்ற இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். லேப் அண்ணனின் பல் ஒன்று என் மேசைக்கடியில் கிடந்தது. இடது கண்ணில் சில்லு நின்றது. அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்களாம்.

ஜீப்பில் போகும்போது அவர், "உனக்காகத்தான் அடிச்சேன். என்னை நீதான் இப்படி ஆக்கிட்டே" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

பதில் போடு அக்கா. திட்டியாவது போடு.

பாப்பா


செப்டம்பர் 17

பாப்பாவுக்கு,

நான் உயிரோடதான் இருக்கேன். நீ சாப்பிட்டியா, தூங்குறியா, அது தெரியாம எனக்கு இங்க சோறு இறங்கலை.

ஆகஸ்ட் பதினாலாம் தேதியே ரெண்டு பக்கம் எழுதினேன். வரலைங்கிற. வார்டன் அம்மா தானே தபால்ல சேர்த்ததா சத்தியம் பண்றாங்க. மூணு ஞாயித்துக்கிழமை போன் பண்ணேன், ஒரு ஆம்பளைக் குரல் எடுத்து, ராங் நம்பர்னு வச்சிருச்சு.

நீ பாத்ததை எனக்கு எழுதின மாதிரியே உங்க முதல்வருக்கு எழுது. நாலு அடின்னு எழுது. பல் எங்க கிடந்துச்சுன்னு எழுது. அந்த ஆளுக்குக் குடும்பம் இருக்கா? ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தியா? ரெண்டு பேர் ஓடிட்டாங்கன்னா மிச்சம் இருக்கிற கண்ணு உன்னுது மட்டும்தான்.

உன் கடிதத்தைப் பத்திரமா வச்சிருக்கேன்.

அக்கா


செப்டம்பர் 29

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

நலம். தங்கள் நலமறிய விரும்புகிறேன்.

சென்ற கடிதத்தில் நான் எழுதியவை மனக்குழப்பத்தில் எழுதப்பட்டவை. நடந்த உண்மை வேறு. மேற்படி லேப் உதவியாளர் பல மாதங்களாக என்னிடம் தவறாக நடந்துவந்தார். சம்பவத்தன்று சாமான் அறையில் என் கையைப் பிடித்து இழுத்தார். அதைப் பார்த்து என்னைக் காப்பாற்ற வந்தவரை அவர் முதலில் தாக்கினார். தற்காப்புக்காகவே திருப்பித் தாக்க நேர்ந்தது. இதை எழுத்துமூலம் கல்லூரியில் கொடுத்துவிட்டேன். அக்டோபர் 25 அன்று விசாரணை. என் எதிர்காலம் கருதி, சென்ற கடிதத்தைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்காமல் உடனே இதே முகவரிக்குத் திருப்பி அனுப்பிவிடவும்.

இனி அடிக்கடி எழுத நேரம் இருக்காது. கவலைப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை

துணி கட்டிக்கொள் அக்கா.


அக்டோபர் 7

பாப்பா,

இதை ஹாஸ்டலுக்கே போடுறேன். முத்திரை இருக்காது. உருளைப் பெட்டி ஏத்த வர்ற லாரி டிரைவர்கிட்ட கொடுத்து வெளியில போடச் சொல்றேன். மானம் போகுதுன்னு நினைச்சா நினைச்சுக்கோ.

என் வேலை என்ன? நூல் அறுந்தா ஒட்டுறது. ஒட்டின இடம் கண்ணுக்குத் தெரியாது. விரலை ஓட்டினா தெரியும். உன் கடிதத்துல முதல் வரியிலேர்ந்து கையெழுத்துப் போட்ட இடம் வரைக்கும் உன் நூல் இல்ல. கடைசி வரி மட்டும்தான் உன்னுது. அதுவும் அவன் எழுந்து தண்ணி குடிக்கப் போன நேரத்துல எழுதினதா இருக்கும்.

பத்திரமா வச்சிருக்கேன்னு நான் உனக்கு எழுதினது செப்டம்பர் பதினேழுல. அந்தக் கடிதம் உன் கைக்கு வந்துச்சா? வரலைன்னா, நான் பத்திரமா வச்சிருக்கேன்னு அவனுக்கு எப்படிடி தெரியும்? இதை நீயே யோசி, நான் சொல்லலை.

லீவு கேட்டேன். மேனேஜர், சாவுன்னா மூணு நாள், அடிபட்டா டாக்டர் சொல்ற வரைக்கும், வேற எதுக்கும் கிடையாதுன்னுட்டார். தங்கச்சிக்கு விசாரணைன்னேன். "உன் தங்கச்சி என்ன கலெக்டரா?"ன்னார். பரவாயில்லை. இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள நான் வருவேன். எப்படின்னு கேக்காதே.

அது வரைக்கும் அந்த மாடிக்குப் போகாதே.

அக்கா


அக்டோபர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

போகாதே என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போனேன்.

பட்டப்பகல். கீழே கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் இன்னும் வரவில்லை. மேசை இழுப்பறையில் உன் இரண்டு கடிதங்களும் இருந்தன. அவர் பிரித்து ஒட்டியிருந்தால்கூட எனக்குச் சந்தேகம் வந்திருக்காது. நம் கடிதம் அப்படித்தான் வரும் என்று பழகிவிட்டோம். ஒரு முத்திரைக்கு வெட்கப்பட்டு என் தபாலை நானே அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பதினோரு புடவையைப் படித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்தார். கத்தவில்லை. கடிதத்தை வாங்கி, உன்னைப் போலவே பேசிக் காட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார். "நான் நூல் சுத்துறவ" என்று மூக்கால் இழுத்து. அப்புறம் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இரும்பு பீரோவில் மோதினார். இரண்டு தடவை. முன்பல் பாதி போய்விட்டது. மூன்றாவது தடவை மோதாமல் நிறுத்திவைத்துக்கொண்டு பேசினார்.

"நான் பக்கத்துல நிக்க வச்சதாலதான் உன்னை இங்க நாலு பேருக்குத் தெரியும். எழுதிக் கொடுத்ததை மாத்திச் சொன்னா உனக்குப் பட்டமும் கிடையாது, உங்க அக்காவுக்கு மில்லும் கிடையாது."

கீழே இறங்கினேன். கார் கழுவுகிறவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழாயைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். கழுவிக்கொண்டேன். 

நேற்று ஹாஸ்டல் வாசலில் லேப் அண்ணனின் மனைவி வந்து நின்றாள். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்திருப்பாள். "உங்க கையைப் பிடிச்சாராம்மா? ஆமான்னு மட்டும் சொல்லுங்க. நான் அவரை விட்டுட்டுப் போயிடறேன்" என்றாள். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

இருபத்தைந்தாம் தேதி என்ன சொல்வேன் என்று தெரியவில்லை அக்கா. ஆறு மாதம் பல்லைக் கடித்தால் படிப்பு முடிந்துவிடும். நீ வராதே. உன் வேலை போய்விட்டால் நான் எந்த முகத்தோடு இருப்பது? மாத்திரை வாங்கிச் சாப்பிடு.

பாப்பா


அக்டோபர் 20

தங்கச்சிக்கு,

நான் உன் அக்காவோட பக்கத்து மிஷின்காரி. உன் அக்கா சொல்லச் சொல்ல எழுதுறேன். அவ சொல்றது:

பாப்பா, நல்லா இருக்கேன். பயப்படாதே. மிஷினைச் சுத்தம் பண்ணும்போது பல்சக்கரத்துல வலது கை மாட்டிக்கிச்சு. ரெண்டு விரல் போயிருச்சு. சுண்டு விரலும் அதுக்குப் பக்கத்து விரலும்தான், எழுத வேண்டிய விரல் பத்திரமா இருக்கு. லீவு கிடைச்சிருச்சு. ஆனா காயத்துல சீழ் வச்சிட்டதால மாசக் கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரியை விட்டு அனுப்ப மாட்டாங்களாம். இருபத்தஞ்சுக்கு வர முடியாது. மன்னிச்சுக்கோ. நீ தனியா போ. பாத்ததைச் சொல்லு. என் வேலைக்காக யோசிக்காதே, இந்தக் கையோட இனிமே அந்த வேலை எனக்குக் கிடையாது. அவன் எதைப் பிடுங்குவான்? சாப்பிட்டுட்டுப் போ.

அவ சொன்னது அவ்வளவுதான். கண்ணை மூடிட்டா. இனி நான் எழுதுறது அவளுக்குத் தெரியாது.

சுத்தம் பண்ணும்போது மிஷின் நின்னுட்டுத்தான் இருந்துச்சு. வலது கை உள்ள இருக்கும்போதே இடது கையை நீட்டி அவளே ஸ்விட்சைப் போட்டா. நான் எதிர்ல நின்னேன். போடறதுக்கு முன்னாடி என்னைப் பாத்து, "துணி ஒண்ணு எடுத்து வச்சுக்கோ"ன்னா. எதுக்குன்னு புரியாம நான் எடுத்துட்டு நின்னேன். ரத்தத்தைப் பாத்த பிறகுதான் புரிஞ்சுது. எலும்பு நொறுங்குற சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. இது மேனேஜருக்குத் தெரிஞ்சா அவளுக்கு ஒண்ணும் கொடுக்க மாட்டாங்க. நீயும் யார்கிட்டயும் சொல்லாதே, அவகிட்டயும் கேக்காதே. எனக்கு ஏதாவது எழுதணும்னா கீழ இருக்கிற லாரி ஆபீஸ் முகவரிக்குப் போடு.


அக்டோபர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

கையை உயரத் தூக்கி வைத்துக்கொண்டு படு. நானும் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே, கழுத்துக்குக் கீழே காறை எலும்பு மட்டும் உடைந்திருக்கிறது. தலையில் ஆறு தையல்.

உன் கடிதம் இருபத்து நாலாம் தேதியே வந்துவிட்டது. நீ வர முடியாது என்று தெரிந்ததும் ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நீ சொன்ன மாதிரி சாப்பிட்டேன்.

நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். அவர் அப்பா ஓரத்தில், குழு உறுப்பினர் என்ற முறையில். மகனும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். லேப் அண்ணனுக்குத் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள், பேச முடியாது. நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டி, நீங்கள் எழுதியதா என்று முதல்வர் கேட்டார். ஏதோ முணுமுணுத்தேன். சத்தமாகப் பேசச் சொன்னார். உன் கையை நினைத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"எழுதினது நான். சொன்னது அவர்" என்றேன்.

அதற்கப்புறம் நிறுத்தவில்லை. நாலு அடி, பல், கண்ணாடி, இழுப்பறை, பீரோ, எல்லாம். இந்தப் பெண் யார் வீட்டுப் பெண் என்று அவர் அப்பா குறுக்கே கேட்டார். அம்மா துணி தேய்க்கிறாள், அக்கா நூற்பாலையில் நூல் சுற்றுகிறாள் என்றேன். அந்த அறையில் நான் பேசியதிலேயே தெளிவாக வந்தது அதுதான்.

வெளியே வந்ததும் மகன் பின்னாலேயே வந்து, படிக்கட்டின் மேல் என் சடையைப் பிடித்தார். கைப்பிடிக் கம்பியில் மோதினார். நான் உருண்டு விழுந்த பிறகு இறங்கி வந்து மிதித்தார். முப்பது நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லேப் அண்ணன்தான் வந்து என்மேல் குப்புற விழுந்து மறைத்துக்கொண்டார். வாய் கட்டியிருந்ததால் தொண்டைக்குள் மட்டும் ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் கூட்டம் நகர்ந்தது. எதிர் அறைப் பெண் தன் பையால் மிதித்தவர் முகத்தில் அடித்ததாகச் சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை. போலீஸ் கூட்டிப்போனது. திரும்பி வருவார். அவர் அப்பாவின் வக்கீல்கள் அன்று மாலையே வந்துவிட்டார்கள். ஆனால் இந்தத் தடவை பார்த்தவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பதினேழு பேர்.

பொய்யாக எழுதிக் கொடுத்ததற்கு எனக்கு ஒரு வருடம் தடை. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகிறது. அது சரியான தண்டனைதான்.

லேப் அண்ணனின் மனைவி நேற்று வந்தாள்.  என் சடையைப் பிரித்து, ரத்தம் காய்ந்த இடத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போனாள்.

மிஷினில் கை மாட்டிக்கொண்டது என்று எழுதியிருந்தாய். சரி. இனி கவனமாக இரு. என்னை விட்டதும் நேராக உன்னிடம் வருகிறேன். நான் பேசியது உன்னால்தான். உன் கடிதம் மட்டும் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

உன் பாப்பா


அக்டோபர் 27

பக்கத்து மிஷின் அக்காவுக்கு,

வணக்கம். என் அக்காவுக்குக் காய்ச்சல் குறைந்ததா? பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தைப் பற்றி உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும். லாரி எங்கே நின்றதோ, கடிதம் இருபத்து நாலாம் தேதி வரவில்லை. இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம், விசாரணை முடிந்து என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் ஹாஸ்டல் ராக்குக்கு வந்திருக்கிறது. எதிர் அறைப் பெண் மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாள்.

விசாரணைக்குப் போகும்போது மாற்றிச் சொல்லக்கூடாது என்ற முடிவோடுதான் போனேன். ஆமாம், நான் எழுதியதுதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவதாக இருந்தேன். முதல்வர் அந்தத் தாளை லேப் அண்ணனிடம் கொடுத்தார். அவர் அதை முகத்தின் வலப்பக்கம் கொண்டுபோய், மிச்சம் இருந்த ஒரு கண்ணால், வரி வரியாகக் கடைசி வரை படித்தார். பேச முடியாததால் ஒரு சீட்டில் எழுதி நீட்டினார். முதல்வர் அதை வாய்விட்டுப் படித்தார். "பொண்ணு பயந்துபோயிருக்கு. அதைக் கேள்வி கேக்காதீங்க." நான் எழுந்து நின்றது அதற்குத்தான்.

என் அக்காவின் விரல்கள் போனதற்கும் நான் பேசியதற்கும் சம்பந்தமே இல்லை. இதை அவள் அறியக்கூடாது. அவளுக்கு எழுதியதில் கடிதம் முதல் நாளே வந்ததாக எழுதியிருக்கிறேன். அவள் துருவித் துருவிக் கேட்பாள். லாரிக்காரர் அன்றைக்கே போட்டுவிட்டார், நீங்களே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அந்த டிரைவரிடமும் சொல்லி வையுங்கள்.

பாப்பா